பழைய புக்கு பார்கோட ஸ்கேன் பண்ணி வெல பாத்து ஆன்லைன்ல விக்கிறது: தென்னாப்பிரிக்காவுல டர்பன் பக்கம் இருக்கிற நம்ம ஆளுங்க அடிக்கடி கேக்குற கேள்விங்க

ஸ்கேனிங் ஆப்புன்னா என்ன, அது அப்படி என்னதான் பண்ணுது?

புக்கு பின் அட்டையில இருக்கிற பார்கோட போன் கேமராவுல காட்டுனா, அந்த நம்பர வெச்சு இது எந்த புக்கு, எந்த எடிஷன், இப்ப ஆன்லைன்ல என்ன வெலைக்கு போட்டிருக்காங்க, எவ்ளோ வேகமா போகுதுன்னு காட்டும், அவ்ளோதான். புக்கு நல்லா இருக்கா, உள்ள பக்கம் கிழிஞ்சிருக்கா, ஈரம் பட்டிருக்கா, இதெல்லாம் அதுக்குத் தெரியாது. அந்த வெல எந்த ஊரு வெலங்கிறது இன்னொரு விஷயம், நம்ம ஊர்ல முக்கால்வாசி பேரு கவுர்றது அங்கதான், அதனால கீழ அத கொஞ்சம் விலாவாரியா எழுதியிருக்கேன்.

எந்த ஆப் போடலாம்?

வெளிநாட்டு வீடியோவுல எல்லாரும் சொல்றது ஸ்கவுட்ஐக்யூ, ஸ்கவுட்லி, அமேசான் செல்லர் ஆப், புக்ஸ்கவுட்டர் இதுங்கதான். இதுல புக்ஸ்கவுட்டர் அமெரிக்காவுல பழைய புக்கு வாங்குற கம்பெனிங்க என்ன வெல குடுப்பாங்கன்னு ஒப்பிட்டு காட்டுறது, டர்பன்ல உக்காந்திருக்கிற நமக்கு அதால ஒரு பைசா பிரயோஜனம் இல்ல. அமேசான் செல்லர் ஆப்புக்கு செல்லர் அக்கவுண்ட் வேணும். மாசா மாசம் டாலர்ல காசு கட்டுற ஆப்ப மொதல்லயே எடுக்காதீங்க, ரேண்ட மாத்திப் பாத்தா கையக் கடிக்கும். ஈபே ஆப்லயே பார்கோட ஸ்கேன் பண்ற வசதி இருக்கு, சும்மா ஒரு பார்கோட் ரீடர் ஆப்ப போட்டு அந்த 13 நம்பர காப்பி பண்ணி பாப் ஷாப்லயும் (நம்ம ஊரு ஆன்லைன் விக்கிற சைட், பழைய பிட்ஆர்பைதான், பேர மாத்திட்டாங்க) ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ்லயும் தேடுனாலே ஆரம்பத்துக்கு தாராளம்.

ஆப்ல 40 டாலர்னு காட்டுது, நான் 15 ரேண்டுக்கு வாங்குனேன். அப்ப லாபம்தானே?

அவசரப்படாதீங்க. அந்த 40 டாலர், அமெரிக்காவுல இருக்கிற ஒருத்தர் அமெரிக்காவுல இருக்கிற இன்னொருத்தருக்கு விக்கிறதுக்கு கேக்குற வெல. கேக்குற வெலதான், வித்த வெல இல்ல. ரெண்டுக்கும் நடுவுல மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கும். நாலு பேரு அதே புக்க ஆனை வெல குதிர வெலன்னு போட்டு வருஷக்கணக்கா விக்காம வெச்சிருப்பாங்க, ஆப்பு அதையும் வெலன்னுதான் காட்டும்.

சரி, அது நெசமான வெலன்னே வெச்சுக்குவோம். நீங்க அமெரிக்கா அமேசான்ல வித்தா அவங்களுக்கு 15 சதவீதம் கமிஷன், புக்குக்குன்னு தனியா 1.80 டாலர் க்ளோசிங் ஃபீ, மாசக் கட்டணம் கட்டாத அக்கவுண்டா இருந்தா ஒவ்வொரு பீசுக்கும் இன்னொரு 0.99 டாலர். அதுக்கும் மேல இங்கேருந்து அந்த புக்க அனுப்பணுமே. ஒரு கிலோ புக்க டர்பன்லேருந்து அமெரிக்காவுக்கு கூரியர்ல அனுப்புற காசு கேட்டா தலை சுத்தும், தபால்ல போடலாம்னா போஸ்ட் ஆபீஸ் 2023ல பிசினஸ் ரெஸ்க்யூவுக்கே (திவாலாகாம காப்பாத்துற ஏற்பாடு) போயிடுச்சு, வாங்குனவன் எத்தன மாசம் காத்திருப்பான்? அதனால ஆப்ல காட்டுற டாலர் வெலைய "இந்த புக்க உலகத்துல யாரோ தேடுறாங்க" அப்படிங்கிற ஒரு சேதியா மட்டும் எடுத்துக்கோங்க. வெல வேணும்னா இங்க பாருங்க: அதே புக்கு புதுசு நம்ம ஊரு டேக்கலாட் சைட்லயும் எக்ஸ்க்ளூசிவ் புக்ஸ் கடையிலயும் என்ன வெல, பழசு பாப் ஷாப்ல யாராச்சும் போட்டிருக்காங்களா, எவ்ளோ நாளா தொங்குது. வெளிநாட்டு வெலதான் பாக்கணும்னா ஈபேல "வித்தது" அப்படின்னு ஃபில்டர் இருக்கு, அத போட்டுட்டு பாருங்க. ஏப்புக்ஸ்ல (பழைய புக்கு விக்கிற வெளிநாட்டு சைட்) தெரியிறது எல்லாமே கேக்குற வெல, அத நம்பி மனக்கோட்ட கட்டாதீங்க.

அமேசான் தென்னாப்பிரிக்கா 2024 மே மாசம் தொறந்துச்சே, அதுல பாக்கலாமேன்னு கேக்குறாங்க. பாருங்க, ஆனா ஆப்பு எந்த நாட்டு அமேசான காட்டுதுன்னு செட்டிங்ஸ்ல மொதல்ல பாத்துட்டு பாருங்க. அமெரிக்காவுல வெச்சிருந்தா அமெரிக்காதான் காட்டும்.

சேல்ஸ் ரேங்க்னு ஒண்ணு காட்டுதே, பெரிய நம்பர் நல்லதா சின்ன நம்பர் நல்லதா?

சின்னது. ரேங்க் 1ன்னா இப்ப அந்த சைட்ல ரொம்ப விக்கிற புக்கு. ஒரு லட்சத்துக்குள்ள இருந்தா நல்லா போகுதுன்னு அர்த்தம், இருபது முப்பது லட்சத்துக்கு மேல போச்சுன்னா எப்பவோ ஒண்ணு போகும். ஆனா அந்த நம்பர் அடிக்கடி மாறிக்கிட்டே இருக்கும், மெதுவா போற புக்கு ஒரே ஒரு காப்பி வித்தாக்கூட ரேங்க் தடதடன்னு மேல ஏறிடும், நீங்க சரியா அந்த நேரத்துல ஸ்கேன் பண்ணுனா "ஆகா சூடா போகுது"ன்னு நெனச்சு வாங்கிடுவீங்க. அதுக்குத்தான் கீப்பா மாதிரி அமேசான் ரேங்க் வரலாறு காட்டுற கிராஃப் பாக்குறது, மூணு மாசம் ஆறு மாசம் சராசரி என்னன்னு தெரியும்.

இன்னொண்ணு, அமெரிக்கா ரேங்க்ல கீழ கெடக்குற ஆஃப்ரிகான்ஸ் புக்கோ நேட்டால் (டர்பன் இருக்கிற மாகாணத்தோட பழைய பேரு) சரித்திர புக்கோ இங்க நல்லா போகும். அங்க ஓடுற அமெரிக்க டயட் புக்கு இங்க ஒருத்தன் சீண்ட மாட்டான்.

எவ்ளோ கெடைச்சா வாங்கலாம்? ஒரு கணக்கு சொல்லுங்க.

சும்மா கணக்குக்கு சொல்றேன், நம்பர உங்க சைட்டுக்கு தகுந்த மாதிரி மாத்திக்கோங்க. புக்க 180 ரேண்டுக்கு போடுறீங்க, சைட் கமிஷன் 10 சதவீதம்னா 18 போச்சு, கவர், டேப், பபிள் ராப் ஒரு 10, புக்கு வாங்குனது 20, கைல நிக்கிறது 132. கூரியர் வாங்குறவங்க கட்டுறாங்க, அது ஒரு 70ன்னு வெச்சா அவங்களுக்கு மொத்தம் 250 ஆகுது. இப்ப புதுசு 320ன்னா வாங்குவாங்க, புதுசே 260ன்னா எவன் வாங்குவான்? அதனால நீங்க பாக்க வேண்டியது உங்க லாபத்த மட்டும் இல்ல, வாங்குறவங்களுக்கு கூரியரோட சேத்து என்ன ஆகுதுன்னும்தான்.

இதே கணக்க 40 ரேண்ட் நாவல்ல போட்டுப் பாருங்க, கூரியர் புக்க விட ஜாஸ்தி. அந்த மாதிரி நாவல்கள தனியா போடாதீங்க, ஒரே எழுத்தாளரோட ஆறு ஏழு சேந்தப்புறம் கட்டா போடுங்க, கட்டு நல்லா போகும்.

பார்கோட் இருக்கு, ஆனா ஸ்கேன் பண்ணுனா ஒண்ணும் வரல, இல்ல வேற ஏதோ பொருள் வருது. ஏன்?

கோட்டுக்கு கீழ இருக்கிற நம்பரோட ஆரம்பத்த பாருங்க. 978 இல்ல 979ன்னா அது புக்கு. 977ன்னா பத்திரிகை. 600, 601ன்னு ஆரம்பிச்சா தென்னாப்பிரிக்காவுல பதிஞ்ச சாதாரண சரக்கு நம்பர். 2ல ஆரம்பிச்சா கடைக்காரங்க அவங்க பில்லு போட ஒட்டுனது. பழைய சி.என்.ஏ. கடை ஸ்டிக்கர் நெசமான பார்கோடு மேலேயே ஒட்டி இருக்கும், அத பிச்சுப் பாருங்க, வரலைன்னா டைட்டில் பக்கத்துக்கு பின்னாடி இருக்கிற ஐ.எஸ்.பி.என். நம்பர கையால அடிங்க. அமெரிக்க சின்ன சைஸ் பேப்பர்பேக் பழசுல பின் அட்டையில பலசரக்கு மாதிரி வேற பார்கோடு இருக்கும், புக்கு நம்பர் பாக்கணும்னா முன் அட்டைய தொறந்து அதோட உள் பக்கம் பாக்கணும்.

2007க்கு முன்னாடி ஐ.எஸ்.பி.என். 10 நம்பர்தான். கடைசில எக்ஸ் எழுத்து இருந்தா பயப்படாதீங்க, அதுவும் சரியான நம்பர்தான், எக்ஸையும் சேத்து அடிங்க. இன்னும் பழசுல, 1960கள் கடைசில வந்த இங்கிலாந்து புக்குல 9 நம்பர்தான் இருக்கும், அதுக்கு முன்னாடி ஒரு சைபர் போட்டு அடிச்சா வேல முடிஞ்சுது.

பார்கோடே இல்லாத புக்க என்ன பண்றது? ஒதுக்கிடலாமா?

அய்யோ, அதத்தான் மொதல்ல எடுக்கணும்! ஐ.எஸ்.பி.என். வந்ததே 1970 வாக்குல, புக்கு பின்னாடி பார்கோடு பரவலா வந்தது 80கள்ல. அப்ப அதுக்கு முன்னாடி வந்த அத்தன புக்கும் ஸ்கேனருக்கு கண்ணு தெரியாத எடம். போன தூக்கிட்டு பீப் பீப்னு அடிச்சுக்கிட்டு வர்றவங்க எல்லாரும் அந்த அலமாரிய தாண்டிப் போயிடுவாங்க, நீங்க நின்னு பாருங்க. இந்த ஊர்ல பழைய புக்கு வியாபாரத்துல ஆஃப்ரிகானான்னு ஒரு வகையே இருக்கு, தென்னாப்பிரிக்கா சம்பந்தப்பட்ட பழைய சரித்திரம், பயணம், போர், வேட்டை, ஊர் வரலாறு இதெல்லாம். 1918லேருந்து புக்கு போட்டுக்கிட்டு வர்ற வான் ரீபீக் சொசைட்டி (இப்ப பேர மாத்திட்டாங்க) வரிசை, ஆங்கிலோ போயர் போர் நினைவுக் குறிப்புங்க, நேட்டால் பத்தின எதுவும், எல்லாத்துக்கும் சேகரிக்கிற ஆளுங்க இருக்காங்க.

இதுல எடிஷன்தான் எல்லாம். 1974ல ஜோஹன்னஸ்பர்க் ரேவன் பிரஸ் போட்ட தென்னாப்பிரிக்க நாவலாசிரியர் ஜே.எம். குட்ஸியோட மொத புக்கு 'டஸ்க்லேண்ட்ஸ்', அந்த மொத பதிப்ப சேகரிக்கிறவங்க தேடி அலைவாங்க, பின்னாடி வந்த பேப்பர்பேக் மறுபதிப்பு சாதாரண பழைய நாவல் வெலதான் போகும். பேரு ஒண்ணு, எழுத்தாளர் ஒண்ணு, வெல எங்கேயோ. அதனால பார்கோடு இல்லாத புக்க எடுத்தா டைட்டில் பக்கத்த தொறங்க, பின்னாடி திருப்புங்க, எந்த வருஷம், எந்த ஊர்ல அச்சு, மறுபதிப்புன்னு எழுதியிருக்கா, கீழ 10 9 8 7னு ஒரு நம்பர் வரிசை இருக்கா பாருங்க, பொதுவா அதுல 1 இருந்தா மொத அச்சு, சின்ன நம்பர் 4ன்னா நாலாவது அச்சு. எல்லா பதிப்பகமும் இப்படி போடாது, பழசுல இந்த வரிசையே இருக்காது. அப்புறம் வெளி ஜாக்கெட் இருக்கான்னு பாருங்க, ஹார்ட்கவர் மொத பதிப்புல ஜாக்கெட் போனா பாதி வெல போச்சு, சில சமயம் பாதிக்கும் மேல.

நம்பர் இல்லாததுக்கு பேர டைப் பண்ணித்தான் தேடணும். கூகுள் லென்ஸ்ல அட்டைய காட்டுனா சட்டுன்னு பேரு கெடைக்கும், ஆனா எந்த பதிப்புன்னு அது சொல்றத நம்பாதீங்க. வேர்ல்ட்கேட்ல தேடுனா எந்தெந்த லைப்ரரியில இருக்குன்னு தெரியும், உலகத்துலயே நாலஞ்சு லைப்ரரிலதான் இருக்குன்னா கொஞ்சம் நிதானமா விசாரிங்க.

நம்ம இந்தியர் சம்பந்தப்பட்ட பழைய புக்குக்கு மவுசு இருக்கா?

இருக்கு, நெறைய பேருக்கு தெரியாது, அதான் சோகம். டர்பன் விமன்ஸ் கல்ச்சுரல் குரூப் 1961ல போட்ட 'இண்டியன் டிலைட்ஸ்' சமையல் புக்கு நம்ம ஆளுங்க பாதி வீட்ல இருக்கும், எண்ணெய் பட்டு மஞ்சள் கறை புடிச்சு அட்டை இல்லாமத்தான் இருக்கும், ஏன்னா அது சமைக்கிற புக்கு. எத்தனையோ தடவ திரும்பத் திரும்ப போட்டிருக்காங்க, அதனால பேர வெச்சு மட்டும் வெல சொல்ல முடியாது, ஆரம்ப பதிப்பு சுத்தமா அட்டையோட இருந்தா விஷயமே வேற.

இதுக்கும் மேல, டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸ்ல காந்தி வெச்சிருந்த அச்சகத்துல அடிச்ச எதுவும். 'இண்டியன் ஒப்பீனியன்' பத்திரிகை 1903ல ஆரம்பிச்சப்ப தமிழ்லயும் வந்துச்சு, 1904லேருந்து ஃபீனிக்ஸ்லதான் அச்சு. "இண்டர்நேஷனல் பிரிண்டிங் பிரஸ், ஃபீனிக்ஸ், நேட்டால்"னு பழைய தேதியோட ஒரு மூலையில கண்டீங்கன்னா கைய தொடச்சுட்டு எடுங்க, அத ஆன்லைன்ல உடனே போடாதீங்க, நல்ல ஆஃப்ரிகானா வியாபாரிகிட்டயோ வெஸ்ட்வில் யுனிவர்சிட்டி கேம்பஸ்ல இருக்கிற காந்தி லுத்துலி டாக்குமெண்டேஷன் சென்டர்லயோ காட்டுங்க. அப்படியே கோயில் கும்பாபிஷேக மலர், தமிழ் பள்ளிக்கூட ஆண்டு மலர், சாஸ்திரி காலேஜ் மேகசின், பழைய நாடக நோட்டீஸ், இதெல்லாம் குப்பைன்னு தூக்கிப் போடுறாங்க, ஆராய்ச்சி பண்றவங்களும் அந்தந்த குடும்பத்து பேரப்பிள்ளைங்களும் காசு குடுத்து வாங்குறாங்க. இவ்ளோ பழசான பாரம்பரிய பொருள வெளிநாட்டுக்கு விக்கிறதா இருந்தா 1999 ஹெரிடேஜ் சட்டத்துல பெர்மிட் விஷயம் இருக்கு, சாரா ஆபீஸ்ல கேட்டுட்டு அனுப்புங்க. (சாரான்னா பாரம்பரிய சொத்துகள பாத்துக்குற அரசாங்க அமைப்பு.)

தமிழ் புக்கு ஸ்கேன் ஆகுமா?

இந்தியாவுல வந்த புக்கு 978க்கு அப்புறம் 81 இல்ல 93ன்னு போகும், இலங்கைன்னா 955 இல்ல 624. ஸ்கேன் ஆகும், ஆனா ஆப்பு "விவரம் இல்லை"ன்னு கைய விரிச்சிடும், ஏன்னா அந்த அமெரிக்க சைட்ல யாரும் அத விக்கல. வெல இல்லைங்கிறது வேற, விவரம் இல்லைங்கிறது வேற. தமிழ் புக்குக்கு வாங்குற ஆளு இங்க கம்மி, ஆனா கேக்குறவங்க நெசமா கேக்குறாங்க, குறிப்பா தேவாரம் திருவாசகம், பஞ்சாங்கம், பிள்ளைங்களுக்கு அரிச்சுவடி. தமிழ் பள்ளிக்கூட, கோயில் வாட்ஸாப் குரூப்ல போட்டோ போட்டீங்கன்னா சைட்ட விட சீக்கிரம் போகும், கமிஷனும் இல்ல. டர்பன்லயே சாட்ஸ்வர்த்லயோ மெரிபேங்க்லயோ ஆளு இருந்தா கூரியரும் இல்ல.

ஸ்கூல் புக்கு, காலேஜ் புக்கு?

இதுலதான் சீரா காசு வரும், இதுலதான் சீரா காசு போகவும் செய்யும்.

ஸ்கூல் புக்குல அட்டையில கேப்ஸ்னு (கவர்மெண்ட் பாடத்திட்டத்தோட பேரு) போட்டிருக்கான்னு பாருங்க. அந்தப் பாடத்திட்டம் 2012லேருந்து 2014க்குள்ள படிப்படியா வந்துச்சு, அதுக்கு முந்தின பாடத்திட்ட புக்கு எவ்ளோ புதுசா இருந்தாலும் சல்லிக்காசு பேறாது. மாட்ரிக்குக்கு (ஸ்கூல் கடைசி வருஷம்) வெக்கிற நாவல், நாடகம், கவிதைத் தொகுப்பு நல்லா போகும், ஆனா அந்த லிஸ்ட்ட மாத்துவாங்க, மாத்துனா போச்சு. கவர்மெண்ட் மாட்ரிக் லிஸ்ட் வேற, ஐ.இ.பி. (தனியார் ஸ்கூல் பரீட்சை போர்டு) லிஸ்ட் வேற, விளம்பரத்துலயே எதுக்குன்னு எழுதுங்க.

காலேஜ்ல எடிஷன் பாருங்க. சட்டம், அக்கவுண்டிங், வரி, இந்த மூணும் பால் மாதிரி, தேதி போச்சுன்னா கொட்டத்தான் வேணும். வரி புக்கு வருஷா வருஷம் மாறும். புது கம்பெனி சட்டம் 2008ல போட்டு 2011 மே மாசம் அமலுக்கு வந்துச்சு, அதுக்கு முந்தின கம்பெனி சட்ட பாடப்புத்தகம் கனமா தோல் அட்டை மாதிரி ஜம்முன்னு இருக்கும், ஆப்புல வெலகூட காட்டும், வாங்கிட்டு வந்தீங்கன்னா கதவு திறந்தா சாத்தாம இருக்க முட்டுக்கொடுக்கத்தான் ஆகும். அனாட்டமி, கணக்கு, ஸ்டாடிஸ்டிக்ஸ், இன்ஜினியரிங் அடிப்படை புக்குங்க ஒரு எடிஷன் பழசானாலும் போகும்.

வெளிநாட்டு வீடியோவுல "ஆகஸ்ட்ல பாடப்புத்தகம் வெல ஏறும்"னு சொல்வாங்க, அது அவங்க ஊரு. நம்ம ஊர்ல காலேஜ் ஜனவரி பிப்ரவரில ஆரம்பிக்குது, ரெண்டாவது செமஸ்டர் ஜூலை. நவம்பர் டிசம்பர்ல பசங்க பரீட்சை முடிச்சு ரூம காலி பண்ணும்போது அடிமாட்டு வெலைக்கு தள்ளிவிடுவாங்க, அப்ப வாங்கி வெச்சுக்கிட்டு பிப்ரவரில போடுங்க. யுனிசா யுனிவர்சிட்டில தபால்ல படிக்கிறவங்க நாடு முழுக்க இருக்காங்க, அவங்களுக்கு பக்கத்துல பழைய புக்கு கடை இருக்காது, அதனால விளம்பரத்துல மாட்யூல் கோட் தெரிஞ்சா கண்டிப்பா போடுங்க, பசங்க அந்த கோட வெச்சுத்தான் தேடுறாங்க.

ஆன்லைன் ஆக்சஸ் கோடோட வர்ற புக்குல கோடு சுரண்டியிருந்தா அது செத்துப்போச்சுன்னு அர்த்தம், அத எழுதிடுங்க, மறைச்சா திரும்ப வரும்.

இந்தியாவுல அச்சடிச்ச சீப் எடிஷன் பாடப்புத்தகம் இருக்கு, அத விக்கலாமா?

"இந்தியா, நேபாளம், இலங்கை... இங்க மட்டும் விற்பனைக்கு"ன்னு அட்டையில அடிச்சிருப்பாங்களே, அதானே? ஊருக்குப் போயிட்டு வரும்போது கட்டு கட்டா கொண்டாந்து விக்கிறது காப்பிரைட் தகராறுல கொண்டுபோய் விடும், வேணாம். அமேசான்ல அத அமெரிக்க எடிஷன் பக்கத்துல போட்டா அக்கவுண்ட்டே போயிடும், ரெண்டுக்கும் ஐ.எஸ்.பி.என். வேற வேற. அதே மாதிரி "விற்பனைக்கு அல்ல, மதிப்புரை பிரதி"ன்னு போட்டதும் அமேசான்ல ஆகாது.

புக்கோட கண்டிஷன எப்படி பாக்குறது?

டர்பன்ல இருந்துக்கிட்டு இத கேக்காம இருந்தாத்தான் ஆச்சரியம், ஏன்னா இந்த ஊரு ஈரக்காத்து புக்குக்கு எமன். ஜோஹன்னஸ்பர்க் வீட்ல நாப்பது வருஷம் இருந்த புக்கும் நம்ம பீச் பக்கத்து ஃப்ளாட்ல நாலு வருஷம் இருந்த புக்கும் பக்கத்துல வெச்சுப் பாத்தா தெரியும். நான் பாக்குற வரிசை இதுதான்: மொதல்ல புக்க மூடுனபடியே மேல் விளிம்பப் பாப்பேன், பழுப்புப் புள்ளி தெரியுதா, பக்கம் அலை அலையா நெளிஞ்சிருக்கா, நெளிஞ்சிருந்தா தண்ணி குடிச்ச புக்கு. அப்புறம் நடுவுல தொறந்து மூக்கு கிட்ட கொண்டு போவேன். பூஞ்ச வாட வந்தா கீழ வெச்சுடுவேன், அது எவ்ளோ அபூர்வமா இருந்தாலும் சரி, ஏன்னா அது ஒண்ணு வீட்ல இருக்கிற மத்ததுக்கும் ஒட்டும். அப்புறம் முதுக, அட்டையும் பக்கமும் சேர்ற எடத்த விரல் வெச்சு அமுக்கிப் பாக்கணும், ஆடுனா பசை போச்சு. ஓரத்துல சொரண்டுன மாதிரி, வலை மாதிரி பேப்பர் தேஞ்சிருந்தா ராமபாணப் பூச்சி, இந்த ஊர்ல ஃபிஷ்மாத்னு சொல்றாங்களே அதேதான். கடைசியா கட்டை விரலால சரசரன்னு பூராவும் ஓட்டிப் பாத்தா ஹைலைட்டர் மஞ்சள், பேனா கோடு, லைப்ரரி சீல், கிழிச்ச பக்கம் எல்லாம் தெரிஞ்சுடும்.

பழுப்புப் புள்ளி, பேரு எழுதுனது, சின்ன கோடு, இதெல்லாம் எழுதி போட்டோ போட்டா வாங்குவாங்க. பூஞ்சைய "லேசா பழசு"ன்னு எழுதுறவங்களாலதான் எல்லா வியாபாரிக்கும் கெட்ட பேரு.

வீட்ல வெக்கிறத வெளிச் சுவத்தோட ஒட்டி வெக்காதீங்க, தரையிலயும் வேணாம், பிளாஸ்டிக் பையில கட்டி வெச்சீங்கன்னா ஈரம் உள்ளேயே நின்னு வேர்த்துடும்.

புக்கு எங்க கெடைக்கும்? கடையில நின்னு ஸ்கேன் பண்ணுனா திட்டுவாங்களா?

ஹாஸ்பிஸ் (சாகப்போற நோயாளிங்கள பாத்துக்குற அமைப்பு) நடத்துற கடை, எஸ்.பி.சி.ஏ. (மிருகங்கள காப்பாத்துற சங்கம்) கடை, சர்ச் பசார், ஸ்கூல் ஃபேட், வீடு காலி பண்றவங்க, ஏலம். ஸ்கேன் பண்றதப் பத்தி கவுண்டர்ல இருக்கிற ஆன்ட்டிகிட்ட மொதல்ல கேட்டுடுங்க, பாதிப் பேரு "சரி மகனே பாத்துக்கோ"ன்னுடுவாங்க. சில எடத்துல வேணாம்னு போர்டே வெச்சிருக்காங்க, அங்க போன பையில போட்டுட்டு கண்ணால பாருங்க. பீப் சத்தத்த ஆஃப் பண்ணிடுங்க தயவு செஞ்சு. அலமாரிய மறைச்சுக்கிட்டு நிக்காதீங்க, எடுத்ததெல்லாம் தரையில குமிச்சுட்டுப் போகாதீங்க, அது ஹாஸ்பிஸ் நோயாளிங்களுக்குப் போற காசு, அங்க பத்து ரேண்டுக்கு பேரம் பேசுறதும் எனக்குப் புடிக்காத விஷயம்.

கொஞ்ச நாள் ஆச்சுன்னா பாதி புக்குக்கு ஸ்கேனே வேணாம், முதுகப் பாத்தே ஒதுக்கிடுவீங்க.

சிக்னல் கெடைக்காத எடத்துல? டேட்டா செலவு?

சில காசு ஆப்புல மொத்த டேட்டாபேஸையும் வீட்டு வைஃபைல எறக்கி வெச்சுக்கிட்டு நெட் இல்லாமலே ஸ்கேன் பண்ணலாம், ஆனா அது அமெரிக்க டேட்டாதான், மேல சொன்ன கதைதான். லோட் ஷெடிங் (முறை வெச்சு கரண்ட நிறுத்துறது) உச்சத்துல இருந்தப்ப டவரும் சேந்து செத்துடும், அப்ப எல்லாரும் பண்ணுன வேல என்னன்னா அட்டையவும் டைட்டில் பக்கத்து பின்பக்கத்தவும் போட்டோ எடுத்துக்கிட்டு வந்து வீட்ல தேடுறது. பேஸ்மெண்ட்ல நடக்குற சர்ச் பசாருக்கு இன்னைக்கும் அதுதான் வழி.

எப்படி அனுப்புறது?

ஊருக்குள்ள கைல குடுக்குறதுதான் நல்லது, பெட்ரோல் ஸ்டேஷன், மால் மாதிரி ஆளு நடமாட்டம் உள்ள எடத்துல, காசு அக்கவுண்ட்ல ஏறுனப்புறம். பேங்க் அனுப்புன மாதிரி ஸ்க்ரீன்ஷாட் காட்டுவாங்க, அத நம்பாதீங்க, உங்க ஆப்புல காசு தெரியணும். வெளியூருக்கு பெப் கடையில குடுத்து பெப் கடையில எடுத்துக்குற பேக்ஸி, இல்ல லாக்கர்ல போட்டு லாக்கர்ல எடுத்துக்குற புடோ, ரெண்டும் வீட்டுக் கூரியர விட மலிவு. ஹார்ட்கவர் நாலு மூலைக்கும் அட்டை மடிச்சு வெச்சு, மொதல்ல பிளாஸ்டிக் சுத்தி அப்புறம் பபிள் சுத்துங்க, மழை நாள்ல லாக்கருக்கு வெளிய வெச்சு ஸ்கேன் பண்ணும்போதே நனஞ்சு போன கதையெல்லாம் உண்டு.

சார்ஸுக்கு (வருமான வரி ஆபீஸ்) வரி கட்டணுமா?

வீட்ல இருந்த சொந்த புக்கு நாலு விக்கிறது வேற, விக்கிறதுக்குன்னே வாங்கி விக்கிறது வேற. ரெண்டாவது வருமானம், ரிட்டர்ன்ல காட்டணும். வாங்குன ஸ்லிப், கூரியர் ரசீது எல்லாத்தையும் போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க, சர்ச் பசார்ல பில்லு தர மாட்டாங்க, தேதியும் காசும் ஒரு நோட்ல எழுதி வெச்சாப் போதும்னு தொடங்குங்க, வியாபாரம் பெருசானா அக்கவுண்டன்ட்டப் பாருங்க.

ஒரு வீட்ல தாத்தா தவறிட்டாரு, அவரு புக்கு பூராவும் 300 ரேண்டுக்கு எடுத்துக்கோன்னு அவங்க வீட்டு அக்கா சொல்றாங்க. உள்ள ஒரு நல்ல புக்கு கண்ணுல பட்டுச்சு. சொல்லணுமா?

சொல்லணும். கடையில வெல ஒட்டி வெச்சத வாங்குறது வேற, அவங்களுக்கும் வெல போடத் தெரியும், நீங்களும் போடுறீங்க. சாவு வீட்ல உங்கள நம்பி கூப்பிட்டு உள்ள விட்டவங்ககிட்ட வாய மூடிக்கிட்டு எடுத்துட்டு வர்றது என் கணக்குல திருட்டுதான், நீங்க என்ன பேரு வேணா வெச்சுக்கோங்க. "அக்கா, இந்த ஒண்ணு நல்ல வெல போகும், இத நீங்களே வெச்சுக்குறீங்களா, இல்ல நான் வித்துக் குடுத்துட்டு பங்கு எடுத்துக்கவா"ன்னு கேளுங்க. முக்காவாசி பேரு வித்துக் குடுன்னுதான் சொல்வாங்க. வியாபாரமாப் பாத்தாலும் அதுதான் சரி, சாட்ஸ்வர்த்ல ஒரு தெருவுல சொன்னா ஃபீனிக்ஸ் வரைக்கும் தெரியும், அடுத்த வீட்டுக்கு உங்களத்தான் கூப்பிடுவாங்க.

அவங்க முன்னாடி ஸ்கேன் பண்ணாதீங்க. பொட்டியில போட்டு பக்கில (பின்னாடி சரக்கு ஏத்துற சின்ன வண்டி) ஏத்திக்கிட்டு வந்து வீட்ல பண்ணுங்க, வெல அப்புறம் பேசிக்கலாம்னு சொல்லுங்க.

புக்குக்குள்ள லெட்டர், போட்டோ எல்லாம் கெடைக்குதே?

குடும்பத்துக்குத் திருப்பிக் குடுங்க. அதுலயும் கப்பல் பேரு, காலனியல் நம்பர் போட்ட கூலி ஒப்பந்தக் காகிதம் கெடைச்சா ரொம்ப ஜாக்கிரத, 1860லேருந்து 1911 வரைக்கும் நேட்டாலுக்கு கூலி ஒப்பந்தத்துல வந்தவங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு நம்பர் இருந்துச்சு, அந்த நம்பர் தெரிஞ்சாத்தான் இந்தியாவுல எந்த ஊரு, எந்த கிராமம்னு பேரப்பிள்ளைங்க தேடிப் புடிக்க முடியும். யாருதுன்னே தெரியலைன்னா டாக்குமெண்டேஷன் சென்டர்ல குடுங்க. அத சைட்ல ஏலம் போடுறவங்களும் இருக்காங்க, எனக்கு மனசு வராது.

விக்காம நிக்கிற புக்க என்ன பண்றது?

மூணு மாசம் நின்னா வெலைய கொறைங்க, ஆறு மாசம் நின்னா கட்டுல சேருங்க, அதுக்கும் போகலைன்னா எடுத்த ஹாஸ்பிஸ் கடைக்கே திருப்பிக் குடுத்துடுங்க, அவங்க இன்னொரு தடவ வித்துக்குவாங்க. பழைய பாடத்திட்ட ஸ்கூல் புக்கையும் பூஞ்ச புடிச்சதையும் மட்டும் கடைக்கு குடுக்காதீங்க, அவங்க தலையில கட்டுறது மாதிரி ஆயிடும், அது நேரா பேப்பர் ரீசைக்ளிங்குக்கு.